விழுந்த குழந்தையும் கேளாத செவியும்: மருத்துவ வரலாற்றிலிருந்து ஒரு சாட்சியம்



ஜெர்மனி நாட்டின் லைப்சிக் நகரில், செவிப்புலன் அற்ற பிள்ளைகளுக்கான கல்விக்கூடத்தில் ஒரு சிறுமி பயின்று வந்தாள். ஏதோ ஒரு சிறு பொருளைத் திருடிவிட்டாள் என்று அவள் மீது புகார் எழுந்தது. பள்ளித் தலைவர் அவளைப் பிறர் முன்னிலையில் அழைத்துக் கண்டித்தார். கண்டித்துக்கொண்டிருக்கும்போதே அவள் தரையில் சரிந்தாள். எழவில்லை. அங்கேயே உயிர் பிரிந்துவிட்டது.

இச்சம்பவத்தை மைஸ்னர் என்ற மருத்துவர் 1856இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்துள்ளார். பெற்றோருக்குச் செய்தி சொல்லப்பட்டபோது அவர்கள் திகைக்கவில்லை என்பதே அப்பதிவில் நெஞ்சை உலுக்கும் பகுதியாகும். அவர்களுடைய பிள்ளைகளில் இருவர் முன்னரே இப்படித்தான் போயிருந்தனர்: ஒருவர் பெரும் அச்சத்திற்குப் பின், மற்றொருவர் கடும் கோபத்திற்குப் பின். அந்தத் தாய் தந்தையருக்கு ஏதோ தெரிந்திருந்தது. ஆனால் அது என்னவென்று சொல்ல அவர்களிடம் சொல் இல்லை. அவர்களைக் கேட்பாரும் இல்லை.

இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் தொழிலில் இருப்பவன் நான். இந்த வரிகளை முதன்முதலாகப் படித்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தச் சிறுமி ஏன் இறந்தாள் என்பதை மருத்துவம் கண்டறிய மேலும் 100 ஆண்டுகள் ஆயின. தலைசுற்றல், செவிக்குறை, இதயத் துடிப்பு என்னும் மூன்றையும் மனிதன் எப்படி ஆராயக் கற்றுக்கொண்டான் என்ற வரலாறு அதற்குள் அடங்கியிருக்கிறது. நம் வீடுகளுக்கு அந்த வரலாறு மிகவும் தேவை என்பதால் இதை எழுதுகிறேன்.

விரல் நுனியில் தொடங்கிய கல்வி

கருவிகள் எதுவும் இல்லாத காலத்தில் மருத்துவருக்கு வாய்த்தது நோயாளியின் மணிக்கட்டும் தம் விரல்களும் மட்டுமே. இதயத் துடிப்பைப் பற்றிய கல்வி அங்கிருந்துதான் தொடங்கிற்று.

கி.பி. 980இல் பிறந்து 1037இல் மறைந்த இப்னு சீனா அவர்கள், கிரேக்க மருத்துவர் காலன் விட்டுச் சென்ற நாடிக் கல்வியைத் தம் 'அல்கானூன்' நூலில் ஒழுங்குபடுத்தித் தந்தார்கள். நாடியை அறிய 10 கூறுகளை அவர்கள் வகுத்தார்கள். துடிப்பின் விரிவு, வலிமை, வேகம், குழாயின் மென்மை, அதன் நிறைவு, வெப்பம், இரு துடிப்புகளுக்கு இடையிலான ஓய்வு எனத் தொடரும் அப்பட்டியலில் இரண்டு கூறுகள் இன்றைய மருத்துவரையும் வியக்க வைப்பவை. ஒன்று, துடிப்பு சீராக உள்ளதா இல்லையா என்பது. மற்றொன்று, சீராக இல்லையெனில் அந்தச் சீரின்மைக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறதா என்பது. இன்றும் இதய மருத்துவர் ஒருவர் நாடியில் விரல் வைத்ததும் தம்முள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் இவையே.

துடிப்பின் நடைக்கு அவர்கள் தந்த பெயர்களும் சுவையானவை. மான் துள்ளுவது போன்ற நாடி, எறும்பு ஊர்வது போன்ற நாடி, அலை எழுவது போன்ற நாடி, புழு நெளிவது போன்ற நாடி என்று அவை விரியும். நம் தமிழ்ச் சித்த மருத்துவத்திலும் இதே வழக்கைக் காணலாம். வாத நாடி அன்னம், கோழி, மயில் போல நடக்கும். பித்த நாடி ஆமை, அட்டை போல ஊரும். ஐய நாடி தவளை, பாம்பு போலச் செல்லும் என்பது சித்தர் மரபு. இராமதேவர் என்னும் சித்தர் மக்கா சென்று யாகோபு என்று பெயர் பெற்றார் என்ற செய்தியும் அந்த மரபிலேயே வழங்கி வருகிறது. அதன் வரலாற்று உண்மை எதுவாயினும், இரு மருத்துவ மரபுகளும் ஒன்றையொன்று அந்நியமாகக் கருதவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். இன்றும் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாடி பார்த்தல் பாடமாக உள்ளது.

இப்னு சீனா அவர்கள் மற்றொன்றையும் கவனித்தார்கள். காதல் நோயில் வாடுவோர் தம் மனத்தில் உள்ளவரின் பெயரை வெளியிட மறுக்கும்போது, நாடியில் விரல் வைத்தபடி பல பெயர்களையும் தெருக்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். உரிய பெயர் வரும்போது நாடி மாறும் என்று எழுதினார்கள். உள்ளத்தின் கலக்கம் இதயத்தின் தாளத்தை மாற்றும் என்பது ஏறக்குறைய 1000 ஆண்டுகளுக்கு முன்பே அறியப்பட்டிருந்தது. லைப்சிக் சிறுமியின் கதைக்கு இக்குறிப்பு மிகவும் தேவைப்படும். இதை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

விழுபவர் எல்லாம் மூளை நோயாளியா?

ஒருவர் திடீரென விழுந்தால் குற்றம் மூளையில்தான் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. மூளைக்கு இரத்தம் மிகுதியாக ஏறிவிட்டது என்று கருதி, நரம்பைக் கீறி இரத்தம் வடித்தனர். ஏற்கெனவே தளர்ந்த உடலில் இருந்த இரத்தத்தையும் அவ்வாறு இழந்தோர் பலர்.

இந்த நம்பிக்கையை இரண்டு திசைகளிலிருந்து இரண்டு கண்டுபிடிப்புகள் அசைத்தன. முதலாவது இதயத்தின் பக்கமிருந்து வந்தது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் ராபர்ட் ஆடம்ஸ் என்ற மருத்துவர், நாடி மிக மெதுவாகத் துடிக்கும் முதியவர் ஒருவர் அடிக்கடி மயங்கி விழுவதை 1827இல் பதிவு செய்தார். குறை மூளையில் தொடங்கவில்லை, இதயத்தில் தொடங்கி மூளையைத் தாக்குகிறது என்று அவர் கருதினார். அதே ஊரின் வில்லியம் ஸ்டோக்ஸ் 1846இல் இத்தகைய நோயாளிகளைப் பற்றி மேலும் விரிவாக எழுதினார். துடிப்பு சில நொடிகள் நின்றாலே மூளைக்கு இரத்தம் குறையும், மனிதர் சரிவார், துடிப்பு மீண்டால் எழுவார். பார்ப்பவர்களுக்கு அது வலிப்பு போலவே தோன்றும்.

இதற்குச் சற்று முன்னர்தான் இதயத்தின் ஒலியைக் கேட்கும் கருவி பிறந்திருந்தது. 1816இல் பாரிஸ் நகர மருத்துவர் லேன்னெக்கிடம் இதய நோயுள்ள இளம்பெண் ஒருவர் வந்தார். அவர் மார்பில் நேரடியாகக் காது வைத்துக் கேட்பது முறையாகாது என்று தயங்கிய மருத்துவர், தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். ஒலி முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்டெதாஸ்கோப் அப்படித்தான் உருவாயிற்று. நாணம் பேணிய ஒரு தயக்கத்தின் கொடை அது என்பதை நம் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

செவிக்குள் இருக்கும் தராசு

இரண்டாவது கண்டுபிடிப்பு செவியின் பக்கமிருந்து வந்தது. பாரிஸ் நகரின் செவிப்புலன் அற்றோர் கல்வி நிலையத்தில் மருத்துவராகப் பணியாற்றியவர் புரோஸ்பர் மெனியேர். காது கேளாமை, காதில் இரைச்சல், உலகமே சுழல்வது போன்ற தலைசுற்றல் ஆகிய மூன்றும் சிலருக்குச் சேர்ந்தே வருவதை அவர் கண்டார். அவ்வாறு வரும்போது நோய் மூளையில் இல்லை, உட்செவியில் இருக்கிறது என்று 1861இல் பாரிஸ் மருத்துவப் பேரவையின் முன் எடுத்துரைத்தார். மறு ஆண்டே அவர் காலமானார். அவருடைய பெயர் அந்நோய்க்கு நிலைத்துவிட்டது.

உட்செவியில் ஒலியை உணரும் நத்தை வடிவச் சுருளும், உடலின் சமநிலையை உணரும் 3 அரைவட்டக் குழாய்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இரண்டிலும் ஒரே வகைத் திரவம் நிரம்பியிருக்கிறது. வல்ல இறைவன் கேட்கும் புலனையும் நிற்கும் ஆற்றலையும் ஒரே சிறு எலும்புக் கூட்டுக்குள் வைத்திருக்கிறான். ஆகவேதான் ஒன்றைத் தாக்கும் நோய் பலமுறை மற்றதையும் தாக்குகிறது.

குற்றாலம் நமக்குப் பக்கத்து ஊர். சீசன் காலத்தில் அருவியில் தலை கொடுத்துக் குளித்துவிட்டு வெளியே வரும் சிலர், காதில் தண்ணீர் புகுந்து சற்று நேரம் தலை சுற்றுகிறது என்று கல்லில் அமர்ந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். இதே நிகழ்வை வியன்னா நகரில் ராபர்ட் பாரானி என்ற மருத்துவர் ஆராய்ந்தார். நோயாளியின் காதைக் குளிர்ந்த நீரால் கழுவும்போது தலை சுற்றிக் கண்கள் ஒரு பக்கமாகத் துள்ளுவதையும், வெந்நீரால் கழுவும்போது அவை எதிர்ப்பக்கமாகத் துள்ளுவதையும் அவர் கவனித்தார். குளிரும் வெம்மையும் உட்செவித் திரவத்தை அசைக்கின்றன. அந்த அசைவைச் செவி தலையின் சுழற்சி என்று தவறாக அறிவிக்கிறது. இவ்வழியில் ஒவ்வொரு காதின் சமநிலை உறுப்பையும் தனித்தனியே சோதிக்கும் முறை கிடைத்தது. 1914ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பாரானிக்கு வழங்கப்பட்டபோது அவர் முதல் உலகப் போரில் சிறைப்பட்டு, மத்திய ஆசியாவின் மெர்வ் நகரில் இருந்தார். ஹதீஸ் கலையில் மர்வ் என்று நாம் படிக்கும் அதே ஊர்தான் அது.

1952இல் லண்டன் மருத்துவர்களான மார்கரெட் டிக்ஸும் சார்லஸ் ஹால்பைக்கும் மற்றொரு சோதனையை விளக்கினர். நோயாளியை அமர வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென மல்லாக்கப் படுக்க வைத்துக் கண்களைக் கவனிக்கும் முறை அது. உட்செவியிலுள்ள நுண்ணிய சுண்ணப் படிகங்கள் இடம் பெயர்ந்து குழாய்க்குள் விழுந்திருந்தால் அப்போது கண் துள்ளும், தலை சுற்றும். பின்னர் அமெரிக்க மருத்துவர் ஜான் எப்ளி, தலையைப் படிப்படியாகத் திருப்பியே அப்படிகங்களை உரிய இடத்திற்குக் கொண்டு சேர்க்கும் எளிய முறையை உருவாக்கினார். அதற்கு அறுவையும் வேண்டாம், பெரும்பாலும் மாத்திரையும் வேண்டாம்.

நம் பள்ளிவாசல்களில் இதற்கு இடமுண்டு. ருகூவுக்குக் குனியும்போதும் ஸஜ்தாவிலிருந்து எழும்போதும் பள்ளி சுழல்கிறது என்று பெரியவர்கள் சிலர் என்னிடம் முறையிட்டதுண்டு. ஒருவர் தம் தொழுகை ஏற்கப்படவில்லையோ என்று அழுதே விட்டார். தலையின் நிலை மாறும்போது சில நொடிகள் மட்டும் வரும் சுழற்சிக்கு அந்தப் படிகங்களே பெரும்பாலும் காரணம். குனிந்து எழும்போது கண் இருட்டுவது வேறு. அது இரத்த அழுத்தம் தாழ்வதால், சில மாத்திரைகளால், நோன்பு நேரத்து நீர்க்குறைவால் வரக்கூடும். நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமர இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று அருமை நபி (ஸல்) அவர்கள் இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கற்றுத் தந்தார்கள். சலுகையும் மார்க்கமே. சிகிச்சை தேடுவதும் மார்க்கமே.

செவியைச் சோதித்தல், செவியற்றோரை மதித்தல்

ஒருவருக்குக் கேட்கவில்லை என்றால் எந்த இடத்தில் தடை என்று எப்படி அறிவது? இசைக்கலைஞர்கள் சுருதி சேர்க்கப் பயன்படுத்திய இசைக்கவை இதற்கு உதவிற்று. ஜெர்மனியைச் சேர்ந்த வெபர் 1834இலும் ரின்னே 1855இலும் விளக்கிய முறைகள் இன்றும் வழக்கில் உள்ளன. அதிரும் கவையைக் காதின் பின்னுள்ள எலும்பில் வைத்தும், காதின் முன்னே பிடித்தும் எது உரக்கக் கேட்கிறது என்று வினவுவார்கள். எலும்பில் வைக்கும்போது நன்றாகக் கேட்டால் தடை வெளிச்செவியிலோ நடுச்செவியிலோ இருக்கிறது; அழுக்கு, சீழ், சவ்வில் துளை போன்ற, பலமுறை சரிசெய்யத்தக்க காரணங்கள் அவை. காது குறைவாகக் கேட்டும் காற்றில் பிடிக்கும்போதே உரக்கக் கேட்டால், உட்செவியிலோ நரம்பிலோ குறை என்று மருத்துவர் கருதுவார். ஓர் இரும்புக் கவையால் இவ்வளவு அறிய முடிகிறது.

நம் நெல்லைச் சீமையில் செவிப்புலன் அற்ற பிள்ளைகளுக்கான கல்வி 1890களிலேயே தொடங்கிவிட்டது. ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் என்ற அம்மையார் பாளையங்கோட்டையில் நிறுவிய பள்ளி இன்றும் அவர் பெயரால் நடந்து வருகிறது. பிறர் 'ஊமை' என்று ஒதுக்கிய பிள்ளைகளுக்கு எழுத்தும் தொழிலும் கற்பித்தது அப்பள்ளி. பேச்சு வராததற்குக் காரணம் நாவன்று, செவி என்பதையும் அது மக்களுக்கு உணர்த்திற்று. திருமறை பல இடங்களில் செவியை முதலிலும் பார்வையைப் பின்னரும் குறிப்பிடுவதை ஓதும் நாம், செவியின் அருமையை எவ்வளவு உணர்ந்திருக்கிறோம்?

நான் உணரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் திருவேங்கடம் வட்டாரத்தில் ஒரு சிறு மக்தபில் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கரிசல் காட்டுக் கூலி வேலைக்குச் செல்லும் தாயொருவரின் மகன், ஏழு வயதுச் சிறுவன், பின்னால் நின்று அழைத்தால் திரும்பமாட்டான். முகத்துக்கு நேரே சொன்னால் ஓதுவான். திமிர் என்று நினைத்தேன். ஒருநாள் எல்லாப் பிள்ளைகள் முன்னிலையிலும் அவனைக் கடுமையாக ஏசினேன். அவன் உதடு நடுங்கிற்று, ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவன் தாய் வந்தார். "ஹஜ்ரத், அவனுக்குக் காதில் சீழ் வடியுது. சொல்ல வெட்கப்பட்டு இருந்துட்டேன்" என்றார். சிகிச்சைக்குப் பின் அவனுக்கு ஓரளவு கேட்டது. முன்வரிசையில் அமர வைத்தேன். அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். அல்லாஹ்வின் அருளால் அவன் இதயத்தில் குறை எதுவும் இல்லை. ஆனால் லைப்சிக் சிறுமியின் கதையைப் படித்தபோது அந்த நடுங்கிய உதடுகள்தாம் என் கண்முன் வந்தன.

துடிப்பு எழுதும் கோடு

நாடியைத் தொட்டு அறியலாம், மார்பொலியைக் கேட்டு அறியலாம். எனினும் துடிப்பைக் கண்ணால் காண வழி இல்லாதிருந்தது. 1887இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் என்பவர், இதயம் துடிக்கும்போது உடலின் மேற்பரப்பில் தோன்றும் நுண்மின்சாரத்தைப் பதிவு செய்து காட்டினார். தம் வளர்ப்பு நாயை உப்பு நீர்க் கலங்களில் நிற்க வைத்தும் அதை விளக்கினார். அதை நுட்பமான கருவியாக வளர்த்தவர் வில்லெம் ஐந்தோவன். இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் செமாராங் நகரில் 1860இல் பிறந்து நெதர்லாந்தில் வாழ்ந்தவர் அவர்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் அமைத்த கருவி ஏறக்குறைய 270 கிலோ எடை கொண்டது. அதை இயக்க 5 பேர் தேவைப்பட்டனர். நோயாளி தம் கைகளையும் ஒரு காலையும் உப்பு நீர்க் கலங்களில் வைத்திருக்க வேண்டும். மருத்துவமனையிலுள்ள நோயாளிகளைத் தம் ஆய்வகத்துக்குக் கொண்டுவர இயலாததால், 1905இல் தொலைபேசிக் கம்பி வழியாகவே ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்து துடிப்பைப் பதிவு செய்தார். கோட்டின் மேடு பள்ளங்களுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி என்று அவர் இட்ட பெயர்களே இன்றும் ஈசிஜித் தாளில் வழங்குகின்றன. 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1924ஆம் ஆண்டில் மற்றொரு வெளிச்சமும் வந்தது. இரத்தம் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரல் வழியாகவே இடப்பக்கம் செல்கிறது என்று இப்னுன் நஃபீஸ் அவர்கள் 13ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருந்த செய்தியை, பெர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் படியிலிருந்து எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவி எடுத்துக்காட்டினார். இறைவன் அறிவை ஒரு சமுதாயத்துக்கு மட்டும் உரியதாக்கவில்லை. தேடுவோர் எவராயினும் அவர்களுக்கு அவன் திறந்து கொடுக்கிறான்.

மூன்று இழைகளும் சேர்ந்த ஆண்டு

இனி லைப்சிக் சிறுமியிடம் திரும்புவோம். 1957இல் நார்வே நாட்டு மருத்துவர்கள் அன்டன் ஜெர்வெல், ஃபிரெட் லாங்கே-நீல்சன் ஆகிய இருவரும் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினர். பெற்றோருக்குச் செவி நன்றாகக் கேட்கும். அவர்களுடைய 6 பிள்ளைகளில் 4 பேர் பிறவியிலேயே செவிப்புலன் அற்றவர்கள். அந்த 4 பேரும் அவ்வப்போது மயங்கி விழுந்தனர். அவர்களில் 3 பேர் திடீரென மரணமடைந்தனர்.

மருத்துவர்கள் அப்பிள்ளைகளின் ஈசிஜியைக் கவனமாக அளந்தனர். கியூ என்னும் புள்ளியிலிருந்து டி என்னும் மேடு முடியும் வரையுள்ள நேரம் வழக்கத்தைவிட நீண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் அடுத்ததற்கு ஆயத்தமாக எடுத்துக்கொள்ளும் நேரத்தை அது குறிக்கிறது. அந்நேரம் மிக நீண்டால், அச்சமோ கோபமோ ஓட்டமோ இதயத்தைத் தூண்டும்போது துடிப்பு தாறுமாறாகி இரத்தம் பாயாமல் போகும். மனிதர் சரிவார். துடிப்பு தானே ஒழுங்குக்கு வந்தால் பிழைப்பார், வராவிட்டால் இறப்பார்.

செவிக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு? 1997இல் அதற்கு விடை கிடைத்தது. உயிரணுவின் சுவரில் பொட்டாசியம் செல்வதற்கான நுண்ணிய வாயில் ஒன்று உள்ளது. அதே வகை வாயில் இதயத் தசையில் துடிப்பை முடித்து வைக்கிறது. உட்செவியில் திரவத்தை உரிய நிலையில் காக்கிறது. அதை உருவாக்கும் மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாகவே வந்து சேர்ந்தால், பிள்ளைக்குச் செவியும் கேளாது, துடிப்பும் பிசகும். மைஸ்னர் பதிந்த சிறுமிக்கு இருந்ததும் இந்நோயே என்று மருத்துவ வரலாறு இன்று கருதுகிறது. பிறர் முன்னிலையில் கண்டிக்கப்பட்டதால் உண்டான அச்சம் அவள் இதயத்தின் தாளத்தைக் குலைத்தது. பெயர் ஒன்றைக் கேட்டாலே நாடி மாறும் என்று இப்னு சீனா அவர்கள் எழுதியதன் அஞ்சத்தக்க மறுபக்கம் இது.

நம் வீடுகளுக்குச் சில சொற்கள்

இந்நோய் மிக அரிது. செவி கேளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரின் இதயம் நலமாகவே இருக்கும். மயங்கி விழும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கும் ஆபத்தான காரணம் இராது. வீண் அச்சம் வேண்டாம். எனினும் நம் பகுதியில் இதை அறிந்திருக்கத் தனிக் காரணம் உண்டு.

தமிழகத்தில் எல்லாச் சமயத்தாரிடமும் உறவுக்குள் மணம் முடிக்கும் வழக்கம் வேரூன்றியுள்ளது. நம்மிடையே மாமன் மகள், மாமி மகன் என்று தலைமுறை தலைமுறையாகச் சம்பந்தம் கலந்த குடும்பங்கள் பல. மார்க்கம் அதை அனுமதித்துள்ளது, ஆனால் கட்டளையிடவில்லை. ஒரே பாட்டனாரிடமிருந்து வந்த பழுதான மரபணு கணவன் மனைவி இருவரிடமும் மறைந்திருக்க இத்தகைய மணங்களில் வாய்ப்பு அதிகம். அப்படி இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு கருவிலும் 4இல் 1 பங்கு அந்நோய் வரும் வாய்ப்பு உண்டு. குடும்பத்தில் பிறவிச் செவிக்குறையோ, இளவயதில் காரணம் தெரியாத திடீர் மௌத்தோ நிகழ்ந்திருந்தால், சம்பந்தம் பேசுமுன் மருத்துவரிடம் ஆலோசனை கேட்பதில் குறைவொன்றும் இல்லை.

பிறவியிலேயே கேளாத பிள்ளை ஒருமுறையேனும் மயங்கி விழுந்தால் ஈசிஜி எடுத்துப் பார்க்காமல் விடாதீர்கள். செவி நன்றாகக் கேட்கும் பிள்ளையே ஆனாலும், ஓடும்போதோ நீந்தும்போதோ திடுக்கிடும்போதோ விழுந்தால் அவ்வாறே செய்யுங்கள். வலியில்லாத, சில நிமிடங்களில் முடியும் சோதனை அது. ஓதிப் பார்ப்பதை நான் தடுக்கவில்லை. துஆ மூஃமினின் ஆயுதம். ஆனால் தாயத்து ஒன்றைக் கட்டிவிட்டு, ஜின் என்றும் கண்ணேறு என்றும் சொல்லி நாள் கடத்துவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி. நோயை இறக்கியவன் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்று நமக்குப் போதித்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்களே. இந்நோய்க்குத் துடிப்பைத் தணிக்கும் மருந்துகள் உண்டு. தவிர்க்க வேண்டிய மருந்துகள் உண்டு. தேவையானோருக்கு மார்பில் பொருத்தும் கருவியும் உண்டு.

மருத்துவரிடம் செல்லும்போது சாட்சி சொல்பவராகச் செல்லுங்கள். தலைசுற்றல் என்று மட்டும் சொன்னால் அவருக்குப் போதாது. உலகம் சுழன்றதா, கண் இருட்டிற்றா, நடை தள்ளாடிற்றா? எவ்வளவு நேரம் நீடித்தது? எதைச் செய்தபோது வந்தது? காதில் இரைச்சல் இருந்ததா? நெஞ்சு படபடத்ததா? விழுந்தபோது முகம் வெளுத்ததா? குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இப்படி நேர்ந்ததா? எத்தனை கருவிகள் வந்தாலும் இக்கேள்விகளுக்கான விடை ஈசிஜித் தாளில் இல்லை. அருகில் நின்ற தாயிடமும் உஸ்தாதிடமும்தான் இருக்கிறது. சாட்சியத்தை மறைக்காதீர்கள் என்பது திருமறையின் கட்டளை. வெட்கத்தால் நாம் மறைக்கும் குடும்பச் செய்தியும் சில நேரங்களில் ஓர் உயிரைக் காக்கும் சாட்சியமே. லைப்சிக் பெற்றோரிடம் இருந்தது அத்தகைய சாட்சியம்தான். அதைக் கேட்கும் செவி அன்று எவருக்கும் இல்லை.

அண்ணலார் (ஸல்) அவர்களிடம் ஒரு பெண்மணி வந்து, தாம் வலிப்புற்று விழுவதையும் அப்போது ஆடை விலகுவதையும் சொல்லி முறையிட்டார். பெருமானார் அவரை ஏசவில்லை, அருவருக்கவில்லை, முழுவதும் கேட்டார்கள். பொறுமைக்குச் சுவனம் என்ற நற்செய்தியையும், வேண்டினால் நிவாரணத்துக்குத் துஆ செய்வதாகவும் கூறி, தேர்வை அவரிடமே விட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்து, ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ வேண்டினார். அதை அவருக்காகச் செய்தார்கள். விழுந்தவரின் மானத்தையும் காப்பது சுன்னத் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

என் போன்ற உஸ்தாதுகளுக்கும் ஒரு வேண்டுகோள். திரும்பிப் பார்க்காத பிள்ளையை ஏசும் முன் அவன் செவியை எண்ணுங்கள். எழுந்து நிற்கத் தடுமாறும் பிள்ளையை அடிக்கும் முன் அவன் நாடியில் விரல் வையுங்கள். பிறர் முன்னிலையில் எந்தப் பிள்ளையையும் தலைகுனிய வைக்காதீர்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் செவிகளிலும் இதயங்களிலும் ஆஃபியத்தைத் தருவாயாக. விழுபவரைத் தாங்கும் கைகளாகவும், சொல்ல முடியாதவரின் சொல்லைக் கேட்கும் செவிகளாகவும் எங்களை ஆக்குவாயாக. அறியாமல் நாங்கள் புண்படுத்திய சிறு உள்ளங்களுக்காக எங்களை மன்னிப்பாயாக. ஆமீன், யாரப்பல் ஆலமீன்.